சரஸ்வதிக்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்

பத்தாங் பெர்ஜுந்தாய்,
சரஸ்வதி பூசை நாள், 1988.

என் அன்புக்குரிய மருமகன் குமாரசிங்கத்துக்கு,

ஈப்போவில் நீங்களும் வீட்டாரும் சுகமென்று நம்பி எழுதுகிறேன். இங்கே வாகீஸ்வரியும் வயிற்றுப் பிள்ளையும் சுகம். நீங்கள் பஸ்ஸில் போட்டுவிட்ட புது ஹார்ட் டிஸ்க்கும் சுகம்.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்வரை கம்ப்யூட்டரில் கை வைக்கக்கூடாது, வாகியின் ஆய்வு முழுக்க அதற்குள் இருக்கிறது, வேறு பிரதி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரியாதா? பேறுகாலத்துக்கு வந்த பிள்ளை, வீங்கின காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு அதை அடித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். மாதக் கடைசிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும் என்பதும் தெரியும். கடைசி அத்தியாயத்துக்கு டிஸ்க்கில் இடமில்லை என்று அவள் கண் கலங்கி நிற்க, நான் ஞாயிறுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதி எத்தனை துரைமாரைச் சமாளித்த பெரிய கிராணி நான், ஒரு தகரப் பெட்டியைத் திறக்க மாட்டேனா?

எல்லாம் முறைப்படிதான் செய்தேன். டிஸ்க்கில் இருந்ததை முழுவதும் முதலில் பிளாப்பிகளில் பிரதி எடுத்தேன். எடுத்து முடித்ததும், வாகியின் படிப்பு முழுக்க இனி இதற்குள்தான், ஒருவரும் கண்ட இடத்தில் வைக்கக்கூடாது என்று வீடே கேட்கச் சொன்னேன். இதில் என்ன பிழை, சொல்லுங்கோ பார்ப்போம். பிறகு தோட்டத்து ஃபிட்டர் செல்லனைக் கூப்பிட்டேன். ஆயுத பூசைக்கு லோரி கழுவிக்கொண்டிருந்தவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டிக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லோரிக்கு பேட்டரி மாத்துற மாதிரிதான் லா ஐயா" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, ஆணியும் மிச்சமில்லாமல் பூட்டிவிட்டோம். பிளாப்பிகளில் உள்ளதைப் புதியதில் ஏற்றுவது கோயிலுக்குப் போய் வந்து என்று வைத்தேன்.

திரும்பி வந்தால் மேசையில் கம்ப்யூட்டர் மட்டும். பிளாப்பிகளும் இல்லை, பழைய டிஸ்க்கும் இல்லை. சாமி அறையை எட்டிப் பார்த்தால், சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாகியின் புத்தகங்கள், அவற்றின் மேல் பிளாப்பிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். தம்பி, பிளாப்பியின் உறையில் உள்ளே தகடு தெரிய நீளமாக ஒரு திறப்பு இருக்கிறதல்லவா, பொட்டு வைக்கத்தான் அந்த இடத்தை விட்டிருக்கிறார்கள் என்று உங்கள் மாமி நினைத்துவிட்டாள். நான் சத்தம் போட்டேன். அவள் அசையவில்லை. "நீங்கள்தானே சொன்னியள் பிள்ளையின்ர படிப்பு இதுக்குள்ள எண்டு. படிப்பைச் சரஸ்வதிக்கு முன்னால வைக்காமல் வேற எங்க வைக்கிறது?" என்றாள்.

பூசையில் வைத்ததை விஜயதசமிக் காலைவரை தொடக்கூடாதுதான். மனம் கேட்கவில்லை. ஒன்றை எடுத்து வேட்டித் தலைப்பால் துடைத்துக் கம்ப்யூட்டரில் செருகினேன். அது கறகறவென்று முனகிவிட்டு நின்றது. இப்போது கம்ப்யூட்டரின் வாயிலும் சந்தன வாசனை. வாகீஸ்வரி மத்தியானம் படுத்திருந்ததால் ஒன்றும் தெரியாது. இந்த நிலைமையில் அவளுக்கு நான் சொல்லவும் மாட்டேன்.

ஆனால் தம்பி, நீங்கள் துளியும் கலங்க வேண்டாம். பிரதி எடுத்தால் மூலம் அழியாது என்பது கிராணிக்குத் தெரியாத சங்கதியா? பழைய டிஸ்க்கில் எல்லாம் அப்படியே இருக்கிறது. அதுவும் சரஸ்வதியின் காலடியில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. மேலே ஒட்டியிருந்த தாள்கூட இல்லாமல் அப்படி ஒரு துப்புரவு. நாளைக் காலை பூசை முடிந்ததும் செல்லன் அதைத் திரும்ப மாட்டிவிடுவான். நீங்கள் அவசரப்படாமல் ஞாயிறு வந்து, மாமியின் வடையைச் சாப்பிட்டு, மிச்ச வேலையைப் பாருங்கோ.

நல்லூர்க் கந்தன் உங்கள் எல்லோரையும் கண்போலக் காக்கட்டும்.

உங்கள் மாமா,
தர்மலிங்கம்

பி.கு.: கடித உறையை ஒட்டுமுன், டிஸ்க்கை எப்படி இவ்வளவு மினுக்கினாய் என்று மாமியைப் பெருமையாகத்தான் கேட்டேன். "கழுவாமல் ஆரும் பூசைக்கு வைப்பினமோ? குத்துவிளக்கோட சேர்த்துப் புளி போட்டுத் தேய்ச்சு வாளிக்குள்ள முக்கி எடுத்தனான்" என்றாள். தூக்கிப் பார்த்தேன், மூலையில் தண்ணீர் சொட்டுகிறது. தம்பி, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்த இடத்திலேயே இருந்து அழுதுவிட்டேன். திரும்பினால் வாகீஸ்வரி கதவடியில் நிற்கிறாள். மெல்ல வந்து பக்கத்தில் இருந்து, "அழாதேங்கோ அப்பா. எல்லாம் என்ர தலைக்குள்ள கிடக்குத்தானே. நான் சொல்லச் சொல்ல நீங்கள் உங்கட டைப்ரைட்டரில அடியுங்கோ" என்றாள். ஆகவே ஞாயிறுவரை வேண்டாம், கடிதம் கண்டதுமே வாங்கோ. வரும்போது மறக்காமல் டைப்ரைட்டருக்கு ஒரு புது ரிப்பன் கொண்டு வாங்கோ. பழையதை மாமி கழுவிக் கொடியில் காயப் போட்டிருக்கிறாள்.