விபத்தே நடக்காத வேட்பாளர்

இந்நாட்டு ஜனநாயகத்தின் முதுகெலும்பு எது என்று கேட்டால், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் இயங்கும் எங்கள் ‘வேட்பாளர் பின்னணி ஆய்வுக் குழு’தான் என்று தயங்காமல் சொல்வேன். கட்சி நிறுத்தப்போகிறவர் முன்பு எங்கே வேலை பார்த்தார், அதில் கறை உண்டா என்று துருவுவது எங்கள் பணி. தலைவர் கமலநாதன். செயலாளர், கார்த்திகேசு ஆகிய நான். இதுவரை யாரிடமும் கறை கண்டதில்லை. அவ்வளவு கவனமாகப் பார்ப்போம்.

இம்முறை வந்த பெயர் யுகேந்திரன். தேர்தல் தேதியே வரவில்லை. ஆதரவாளர்கள் அதற்குள் அவரை மாண்புமிகு ‘ஒய்பி’ ஆக்கிவிட்டார்கள். கிள்ளானில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருடம் பாதுகாப்பு அதிகாரி. ‘விபத்தின்றி ஆயிரம் நாள்’ என்ற பலகைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தையும் இணைத்திருந்தார்.

“பேக்டரியவே இப்படிக் காப்பாத்துனவரு, தொகுதியக் காப்பாத்த மாட்டாரா?” என்றார் தலைவர். குறித்துக்கொண்டேன்.

ஆய்வு முடிந்து தே தாரேக் குடிக்கலாம் என்று எழுந்தபோது ஒரு பெண் படியேறி வந்தார். பெயர் பிலோமினா. அதே தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவர். செய்தி கேள்விப்பட்டுக் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை மேசைமேல் வைத்தார். இரண்டு விரல்கள் இல்லை.

“அறுநூத்திப் பன்னெண்டாவது நாள், அங்கிள். மெஷின் வேகமா ஓடணும்னு, கை உள்ள போகாம மறிக்கிற தடுப்பைக் கழட்டிட்டாங்க. தடுப்பு இருக்குன்னு மாசாமாசம் சைன் போட்டது உங்க வேட்பாளருதான்.”

“ஆனா போர்டுல ஒண்ணும் காணோமேம்மா?” என்றார் தலைவர்.

“எப்படி இருக்கும்? கையத் துணியில சுத்தி இவரே கார்ல கிளினிக்குக் கொண்டு போனாரு. ‘வீட்டுல கோழி வெட்டறப்போ பட்டுச்சுன்னு சொல்லுங்கக்கா, வேலை போகாது’ன்னாரு. சொன்னேன். மறுநாள் போர்டுல அறுநூத்திப் பதிமூணு. மூணு மாசத்துல வேலையும் போச்சு.”

தலைவர் கண் கலங்கிவிட்டார். “சொந்தக் கார்ல! சீட்டுல ரத்தம் படுமேன்னுகூடப் பார்க்கல! ‘மனிதாபிமானி’ன்னு எழுதுங்க கார்த்திகேசு.” எழுதினேன். அவர் பிலோமினா பக்கம் திரும்பினார். “பதினோரு வருசம்மா! நடந்த விபத்த விரல் விட்டு எண்ணிடலாம்.”

“என்னால எட்டு வரைக்கும்தான் எண்ண முடியும் லா, அங்கிள்.”

இரு தரப்பையும் கேட்பது எங்கள் மரபு. வேட்பாளருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம்.

“பிலோமினா அக்காவா? நல்லாத் தெரியும் பாஸ்! கோழிக்கறி கேஸுதானே? இன்னும் சமைக்கிறாங்களா?” சிரிப்பு கொஞ்ச நேரம் ஓடியது.

பிலோமினா கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம்,” என்றார் என்னைப் பார்த்து. “அது பேக்டரியிலதான் நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. அந்த மெடிக்கல் சீட்டைப் பார்த்துட்டு எம்மக ஜெரால்டினே, ஒரு கோழி வெட்டத் தெரியலையாம்மாங்கறா.”

ஒரு வரிதான். பேனாவைத் திறந்தேன். தலைவர் செருமினார். பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியதை, விதிப்படி உரக்க வாசித்தேன்: “பணிக்காலத்தில் விபத்து ஏதுமில்லை. வேட்பாளர்மீது எவரும் நேரில் வந்து புகார் தரவில்லை. ஏகமனதாக ஏற்கப்பட்டது.”

பிலோமினா எழுந்தார். “யாரும் வரலையா? அப்ப இவ்ளோ நேரம் இங்க உட்கார்ந்திருந்தது யாரு? அந்த ஆளு என் ரெண்டு விரலைத்தான் மறைச்சாரு அங்கிள். நீங்க என்னையே மறைச்சிட்டீங்க.”

படியிறங்கிப் போய்விட்டார்.

இதையும் குறிப்பில் சேர்க்கலாமா என்று தலைவரைக் கேட்டேன். வேண்டாம் என்றார். சேர்க்கவில்லை. என் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.