கடலிலிருந்து தெரிந்த டேங்க்

உலகத்தில் எத்தனையோ பேர் எதை எதையோ நேசித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு தண்ணீர் டேங்கை, அதுவும் அடுத்தவர் மொட்டை மாடி டேங்கை, உயிருக்கு உயிராக நேசித்தவர் எங்கள் டேங்க் அண்ணா ஒருவர்தான். போட்டிக்கு வேறு ஆள் இருந்தால் காட்டுங்கள், நான் எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன்.

பெரும்பாக்கத்தில் குன்றின் சரிவில் இருக்கிறது எங்கள் அடுக்குமாடிக் கட்டடம். இப்போதுபோல நாலா பக்கமும் கட்டடங்கள் முளைக்காத காலத்தில் அந்த மேட்டில் உயரமாக நின்றது நாங்கள் மட்டும்தான். கிழக்கே பார்த்தால் சதுப்பு நிலம், அதைத் தாண்டிக் கடல். கட்டடத்தின் தலையில் ஒரு கான்கிரீட் டேங்க். கட்டியவர் எந்த ஞாபகத்திலோ அதற்கு ரத்தச் சிவப்பில் வர்ணம் அடித்துவிட்டுப் போய்விட்டார். பார்க்கச் சகிக்காது.

டேங்க் அண்ணா ஈஞ்சம்பாக்கம் குப்பத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருவார். வாரத்தில் நாலு நாள் கடல், மற்ற நாள் வியாபாரம். மற்ற மீன்காரர்கள் கேட்டில் நின்று குரல் கொடுப்பார்கள். இவர் முதலில் கழுத்தை அண்ணாந்து மாடியைப் பார்ப்பார். பிறகுதான் மனிதர்களைப் பார்ப்பார்.

"டேங்கு நல்லா கீதா சார்?"

"டேங்க்குக்கு என்ன கேடு? சங்கரா மீன் நல்லா இருக்கா, அதைச் சொல்லுங்க."

"அதுக்கு இன்னா சார், காத்தால வரைக்கும் நீஞ்சிகினுதானே இருந்துச்சு!"

ஒரு தடவை மூன்றாம் மாடி டீச்சர் தன் வீட்டுக் கம்பளியைத் துவைத்து டேங்க் ஏணியில் காயப்போட்டிருந்தார். அண்ணா கூடையைத் திறக்கவே இல்லை.

"டீச்சர், மொதல்ல அந்தக் கம்பளிய எடுங்க. டேங்க மறைக்குது."

"யாருக்கு மறைக்குது? காக்காவுக்கா?"

"எடுத்தாத்தான் வஞ்சிரம்."

டீச்சரும் லேசுப்பட்டவர் இல்லை. எடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பிய அவர் குடும்பம் முழுவதும் முருங்கைக்காய் சாம்பார் சாப்பிட்டது. அடுத்த வாரம் கம்பளி பால்கனிக்கு இறங்கிவிட்டது.

பிறகு வந்தது பெயிண்ட் கலவரம். எங்கள் செகரட்டரி வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் ஒழுங்கு வேண்டும் அவருக்கு. கட்டடம் முழுவதும் சந்தன நிறம், டேங்க்கும் சந்தன நிறம் என்று முடிவு செய்தார். பெயிண்டர் பாதி டேங்கை முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் சந்தனம் மறுபடி சிவப்பாகிக்கொண்டிருக்கிறது. செகரட்டரி கீழே நின்று கத்தினார்.

"யாருய்யா அது மேல?"

"நான்தான் சார்! போட்டுக்கு வாங்கின பெயிண்ட்டு மீந்துபோச்சு!"

"உன் போட்டுக்கு மீந்தா என் டேங்க்குக்கு அடிப்பியா?"

"ரெண்டும் தண்ணி விஷயந்தானே சார்!"

மாடிக் கதவைத் திறந்துவிட்ட வாட்ச்மேனுக்கு லஞ்சம் ஒரு பொட்டலம் கருவாடு. அதை அவர் லிஃப்ட் மோட்டார் அறையில் ஒளித்துவைத்ததால் ஒரு வாரம் நாங்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியேறினோம். டேங்க் அண்ணா என்ற பெயர் அப்போதுதான் நிலைத்தது. மனிதருக்கு மறை கழன்றுவிட்டது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. எங்கள் சங்கத்தில் ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

டேங்க்குக்கும் வயதாயிற்று. கம்பி துருப்பிடித்து, ஒரு நாள் பெரிய சிமென்ட் துண்டு பெயர்ந்து டீச்சரின் ரோஜாச் செடி மேல் விழுந்தது. இடித்தே ஆகவேண்டும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. வாட்ச்மேன் போன் செய்திருக்க வேண்டும். அண்ணா ஈர லுங்கியோடு வந்து தூண் ஓரமாக நின்றார்.

"இடிக்காதீங்க சார்."

"அண்ணா, இது எங்க பில்டிங் விஷயம். உங்களுக்கு என்ன?" என்றார் செகரட்டரி. நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எம் புள்ளயோட கடலுக்குப் போயிருந்தேன் சார். காத்துல போட்டு கவுந்துட்ச்சி. ராவெல்லாம் ரெண்டு பேரும் ஒரே ஐஸ் பொட்டியப் புடிச்சிகினு கெடந்தோம். விடியச்சொல்ல அவன்தான் மொதல்ல பார்த்தான். 'நைனா, செவப்பு டேங்கு தெரியுது, கரை வந்துட்ச்சி'ன்னான். நான் டேங்கத் திரும்பிப் பார்த்தேன். மறுபடி இந்தாண்ட திரும்பறதுக்குள்ள அவன் கை பொட்டி மேல இல்ல சார். உடம்பு கூட கெடைக்கல."

ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று செகரட்டரி, "இப்பல்லாம் போன்லயே அவன் போன இடத்தைக் குறிச்சு வச்சுக்கலாமே அண்ணா" என்றார்.

"வச்சிகினுதான் கீறேன் சார். வருசா வருசம் ஆடி அமாவாசைக்குப் போயி பூ போடறேன். அந்தப் புள்ளி எனக்கு. டேங்கு அவனுக்கு. அது இல்லாங்காட்டி எம் புள்ள எதப் பார்த்துகினு கரைக்கு வருவான்?"

டீச்சர் வெளிப்படையாகவே அழுதார். வாங்கி வைத்த டீ அப்படியே ஆறிப்போயிற்று.

ஆனாலும் டேங்கை இடித்தோம். கீழே குழந்தைகள் விளையாடுகிறார்களே, வேறு வழியில்லை. அண்ணா பல வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. மாடியில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் டேங்க் வந்து உட்கார்ந்தது. அது வந்த மறுநாள் செகரட்டரி ஒரு டப்பா சிவப்பு பெயிண்டை எடுத்துக்கொண்டு, முட்டி வலியோடு மாடி ஏறினார். டீச்சர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "சார், அங்க விட்டுட்டீங்க, சார், இங்க வழியுது" என்று வகுப்பு எடுத்தார். இறங்கி வந்தபோது டேங்கைவிட செகரட்டரி அதிகச் சிவப்பாக இருந்தார்.

வாட்ச்மேன் சொல்லி அனுப்ப, ஒரு வழியாக அண்ணா வந்தார். இந்தத் தடவை மாடியை அண்ணாந்து பார்க்கவில்லை. ஏற்கெனவே கடலிலிருந்து பார்த்துவிட்டாராம்.

"தெரியுதா அண்ணா?" என்றேன்.

"கீது சார். கொஞ்சம் குள்ளமாத்தான் கீது." லுங்கி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பரவால்ல சார், புள்ள பழகிக்குவான்."

பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்காது. ஒவ்வொரு மழைக்கும் உரியும். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கு முன்னாலும் திட்டிக்கொண்டே மறுபடி அடிப்போம். போன வருடம் அவர் மனைவி கூடையோடு வந்தார். அண்ணாவுக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டாராம்.

"சாம்பல அந்த எடத்துலயேதான் கரைச்சோம் சார்" என்றார்.

இந்த ஆடியிலும் பெயிண்ட் டப்பாவைத் திறந்தோம். புதிதாகக் குடிவந்த ஒருவர் வேடிக்கை பார்க்க மாடிக்கு வந்தார். "அந்த மீன்காரரே இல்லேன்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு சார் இந்த சிவப்பு?" என்று கேட்டார்.

செகரட்டரி திரும்பாமலே பிரஷ்ஷை ஓட்டினார். "முன்னாடி ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும். இப்ப ரெண்டு பேருக்குத் தெரியணும். இன்னொரு கோட்டு அடிக்கணும் சார்."

அந்த இரண்டாவது கோட் பெயிண்டை நான் அடித்தேன். கடல் பார்த்த பக்கம் கொஞ்சம் தடிமனாகவே அடித்தேன்.