மடையை அடைக்க மறந்த கதாநாயகி

இருபத்தாறு வயதில் ஒருவனுக்கு உவமை கைவந்துவிட்டால், அப்புறம் அவனை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. டீ கிளாஸிலிருந்து அவனுக்கு ஆவி எழும்பாது, வெண்துயரத்தின் மெல்லிய ஆடைதான் எழும்பும். நான் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன். கூத்தாநல்லூரில் எங்கள் அத்தாவுக்கு ஜவுளிக்கடை. கடையில் உட்காரச் சொன்னால், துணி கிழிபடும் ஓசையை ஒன்றரைப் பக்கத்துக்கு வர்ணித்து முடித்துவிட்டு, வந்தவர் எத்தனை மீட்டர் கேட்டார் என்பதை மறந்துவிடுவேன். (இனிமேல் கடைப்பக்கம் வராதே என்று அத்தா சொன்னதை இலக்கியத்துக்குக் கிடைத்த விடுதலையாகவே எடுத்துக்கொண்டேன்.)

எனக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு வாக்கியம் முதல் தடவையிலேயே புரிந்துவிட்டால் அது தோற்றுப்போன வாக்கியம். ஒருமுறை நண்பன் ஒருவன் என் கதையைப் படித்துவிட்டு, "நல்லா புரிஞ்சுதுடா" என்று பாராட்டினான். எனக்கு முகம் விழுந்துவிட்டது. புரிந்த இடம் எது என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றைக்கே அதைத் திருத்தினேன்.

அந்தக் காலத்தில் நான் எழுதிய மகத்தான சிறுகதைதான் 'நீர்க்குமிழிகளின் நெடுமௌனம்'. காதலன் வெளிநாடு போய்விடுகிறான், காதலி வயல்வரப்பில் நின்று அழுகிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் அவள் சும்மா அழவில்லை. "வானத்தின் நீலக் கருவறையில் பிரசவமான வெயிலின் தொப்புள்கொடியை அந்தி தன் செந்நகங்களால் அறுத்தெறிய, மதிவதனயாழினியின் விழிக்கிணற்றுப் பாசிப் படிக்கட்டுகளில் வழுக்கி விழுந்த நினைவொன்று..." என்று தொடங்கும் முதல் வாக்கியம் அடுத்த பக்கத்தில் பாதிவரை போகும். கதாநாயகியின் பெயரைச் சுருக்கி எழுதுவதைக்கூட நான் கௌரவக் குறைவாக நினைத்தேன்.

இதைச் சமீமாவிடம் படிக்கக் கொடுத்தேன். சமீமா என்னோடு பி.எட். படித்தவள். அவளுக்கு என்னைப் பிடித்திருந்தது, எனக்கு அவளை ரொம்பவே பிடித்திருந்தது. படித்துவிட்டுச் சொன்னாள்: "வார்த்தையெல்லாம் நல்லாத்தான் இருக்கு நிஜாம். கல்யாண மண்டபம் நெறைய ஆளு வந்துட்டாங்க. பொண்ணு மாப்புளையத்தான் காணும்."

அவளுக்கு ரசனை போதாது, கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கல்யாணம்தான் அந்தரத்தில் நின்றது. சமீமாவின் அத்தா ஜபருல்லா மாமாவுக்குக் குடவாசல் பக்கத்தில் ஒரு வேலி நஞ்சை, கிட்டத்தட்ட ஏழு ஏக்கர். சுற்றுவட்டாரத்தில் பாதி மாப்பிள்ளைகள் சபர் போய் வளைகுடாவில் சம்பாதித்துக்கொண்டிருக்க, தனியார் பள்ளியில் தமிழ் வாத்தியார் வேலையும் கதை எழுதும் வியாதியும் உள்ள ஒருவனுக்குப் பெண் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. மஸ்கட் மாப்பிள்ளை ஒருவர் வீட்டிலிருந்து ஏற்கெனவே பேசியிருந்தார்கள். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"எங்கத்தா ஒங்களப் பாக்கணுங்குறாங்க" என்று சமீமா ஃபோனில் சொன்னாள். "வீட்டுக்கு வந்தா எவனும் நல்லவனாட்டம்தான் பேசுவான், ஏதோ மேடையில கதை படிக்கப் போறானாமே, அங்க வந்து பாத்துக்குறேன்னு சொல்லிட்டாங்க."

குடவாசலில் ஒரு சிறிய வாசகர் வட்டம் இருந்தது. அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கவிருந்த அதன் ஆண்டு விழாவில் நான் கதை வாசிப்பதாக ஏற்பாடு. வட்டத்தின் செயலாளர் கோவிந்தராஜன் சாரிடம், "கூட்டம் நெறைய வரணும் சார், என் வாழ்க்கைப் பிரச்சினை" என்று கெஞ்சினேன். அவர் கெட்டிக்காரர். அதே மண்டபத்தில் அன்று பதினோரு மணிக்கு விவசாயிகள் கூட்டம் ஒன்று இருந்தது. அறுப்பு மிஷின் எந்த ஊருக்கு முதலில் போவது, வாடகை எவ்வளவு என்று பேசி முடிவு செய்யும் கூட்டம். பத்து மணிக்கே வந்தால் டீயும் வடையும் உண்டு என்று அவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டார்.

தை மாதம். சம்பா முற்றி அறுப்புக்கு நிற்கிறது. வானம் வேறு இரண்டு நாளாக மூடிக்கொண்டு, பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் ஒரு கையில் வடையும் மறு கையில் ஃபோனுமாக மழை அறிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புது ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை, சிந்தனையாளனுக்குரிய மூன்று நாள் தாடி சகிதம் மேடையேறினேன். (பைக்குள் ஒரு சீப்பு மட்டும் இருந்தது.) மூன்றாவது வரிசையில் ஜபருல்லா மாமா கைகட்டி உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் சமீமா. இன்றைக்குச் சொதப்பினால் அவள் மஸ்கட் போய்விடுவாள்.

முதல் வாக்கியத்தை மூச்சுவிடாமல் படித்து முடித்தபோது மண்டபம் அமைதியாக இருந்தது. மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் முன்வரிசையில் ஒருவர் உண்மையிலேயே கண்மூடியிருந்தார். மாமா கொட்டாவியை மென்று விழுங்கினார். நான் குரலை உயர்த்தி அடுத்த பகுதிக்குப் போனேன். அங்கேதான் மதிவதனயாழினி, தன் நெஞ்சின் அணை உடைவதைத் தாங்காமல், வாய்க்கால் மடையைத் திறந்துவிடுகிறாள். "பொற்கதிர்கள் தலைகவிழ்ந்து தவமிருக்கும் முதிர்ந்த சம்பாவின் பாதங்களை நீரின் வெள்ளி நாவுகள் நக்கத் தொடங்கின..."

தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, ஒரு நிமிசம். கதிர் முத்திருச்சுங்குறீங்க?"

"ஆமாங்க."

"அறுப்புக்கு நிக்கிற வயல்லயா தண்ணி உடுறா?"

நான் புன்னகைத்தேன். இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அறுப்புக்கு முன்னால் வயலைக் காயவிடுவார்கள் என்பது டெல்டாவில் பிறந்த எவனுக்கும் தெரிந்ததுதான். ஆனால் இலக்கியம் என்ன, வேளாண்மைத் துறை அறிக்கையா? "அது குறியீடுங்க" என்றேன். "தண்ணீர்ங்கிறது அவளோட துயரம்."

"துயரமோ என்னமோ, ஏறுதுல்ல?" என்றார் அவர்.

நான் தொடர்ந்தேன். அடுத்து நிலா. நிலாவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன், அதில் பாதி நிலாவின் தழும்புகள் பற்றியது. கதாநாயகி நிலாவைப் பார்த்தபடி நிற்கிறாள், நடுநடுவே தண்ணீர் ஒவ்வொரு உவமையாக உயர்ந்துகொண்டே போகிறது. நான் உவமையை உயர்த்த உயர்த்த மண்டபத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. வடையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"இடுப்புக்கு வந்துருச்சா?"

"சாஞ்ச கதிருன்னா முளைச்சிடுமே!"

"டயர் மிஷினு எறங்காது. செயின் மிஷினுக்குத்தான் சொல்லணும். அந்த வாடகைய அவன் குடுப்பானா, ஓடிப்போனவன்?"

"யாரு வயலு அது? வீட்டுல ஆம்பள யாரும் இல்லையா?"

கோவிந்தராஜன் சார் மைக்கைப் பிடுங்கி, "அமைதி, அமைதி, கதையைக் கதையாகப் பார்க்க வேண்டும்" என்றார். மைக் வீல் என்று கத்தியது. நான் ஜிப்பாவின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, அடிபட்ட கலைஞனின் குரலில் நிலாவின் மூன்றாவது தழும்பைத் தொடங்கினேன். அப்போது ஜபருல்லா மாமாவே எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. அவருடைய சொந்த வயலும் அன்றைக்கு அறுப்புக்குத்தான் நின்றது.

"தம்பி! நிலாவ பொறவு பாத்துக்கலாம். அது எங்கயும் போயிடாது. மொதல்ல அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி மடைய அடைங்க!"

மண்டபமே கை தட்டியது. எனக்குக் கிடைத்த கைதட்டல் இல்லை அது.

என் கையில் இன்னும் ஏழெட்டுத் தாள்கள் இருந்தன. அவற்றில் எங்கேயும் மடை அடைபடாது. கடைசி வரியில் அவளும் வயலும் நீரும் நிலவும் ஒன்றாகக் கரைந்து மௌனமாகிவிடுவதுதான் முடிவு. அதைப் படித்தால் இந்தக் கூட்டம் என்னை உயிரோடு விடாது. பரிதாபமாகச் சமீமாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. விரித்த உள்ளங்கையை மெல்ல மூடிக் காட்டினாள், அவ்வளவுதான். இலக்கியமா சமீமாவா என்று நான் நீண்டநேரம் யோசித்ததாகப் பேட்டிகளில் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். (யாரும் பேட்டி எடுக்கவில்லை.) உண்மையில் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தாள்களை மடித்து ஜோல்னாப் பைக்குள் போட்டேன்.

"அவள் வரப்பிலிருந்து குதித்தாள்" என்றேன்.

மண்டபம் அடங்கியது. என் எழுத்து வாழ்க்கையில் நான்கு சொற்களைத் தாண்டாத முதல் வாக்கியம் அதுதான். அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் அறுபது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மடையண்டை ஓடினாள் என்றேன். மண் அணைத்தாள், தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போனது என்றேன்.

"கோணியத் திணிக்கச் சொல்லுங்க!" என்று பின்னாலிருந்து ஓர் அம்மாள் கத்தினார்.

"களத்துமேட்டுக்கு ஓடி ஒரு கோணியை எடுத்து வந்தாள். அதில் மண்ணை அள்ளிப் போட்டு மடை வாயில் திணித்தாள். முட்டிபோட்டு அழுத்திப் பிடித்தாள். பக்கத்து வயல்காரர் மம்பட்டியோடு ஓடி வந்தார். வடிவாய்க்கால் பக்கம் வரப்பை வெட்டிவிட்டார். தண்ணீர் நின்றது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. விடியும்வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்."

"நெல்லு?" என்றார் மாமா. உட்கார மறந்து இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அந்த நெல் பிழைக்க வேண்டும் என்று நானே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பொழச்சுதுங்க மாமா" என்றேன். "முழுசாப் பொழச்சுது."

அப்பாடா என்று ஒரு பெருமூச்சு மண்டபம் முழுக்கப் பரவியது. பிறகு கைதட்டல் கிளம்பியது. இந்த முறை அது எனக்கேதான். முன்வரிசைக்காரர் எழுந்து வந்து தன் தோள்துண்டை எனக்குப் போர்த்தினார். கோணிக்கார அம்மாள் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

"அந்தப் பய திரும்பி வந்தானா தம்பி?"

"வரலீங்க."

"வராட்டிப் போறான். அதான் நெல்லு இருக்குல்ல."

பல மாதங்கள் பாடுபட்டு நான் எழுதிய காதல் சோகத்துக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது. நியாயமானதும்கூட.

பதினோரு மணிக் கூட்டம் பன்னிரண்டுக்குத்தான் தொடங்கியது. அதிலும் பாதி நேரம் மதிவதனயாழினியின் வயலுக்கு எந்த மிஷினை இறக்குவது என்றே விவாதம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் வாசலில் டீ கிளாஸோடு நின்றேன். அன்றைக்கு அதிலிருந்து வெறும் ஆவிதான் எழும்பியது. ஜபருல்லா மாமா வந்தார். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு எழுத வருமா வராதான்னுல்லாம் எனக்குத் தெரியாது" என்றார். "எல்லாரும் சத்தம் போட்டப்ப வீம்பு புடிக்காம மடைய அடைச்சீங்க பாருங்க. எம்பொண்ணோட குடும்பம் நடத்த அந்தப் புத்தி ஒண்ணு போதும் மாப்புள."

மாப்புள என்ற அந்தச் சொல்லுக்கு நான் எந்த உவமையும் தேடவில்லை. டீயைக் கீழே சிந்தினேன். மஸ்கட்டுக்கு வெள்ளிக்கிழமை பதில் போனது. அந்த வாரம் மழையும் பெய்யாமல் ஏமாற்றியதில் மாமாவின் வயல் நல்லபடியாக அறுப்பானது. அதற்கும் நான்தான் காரணம் என்பதுபோல அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

யாரோ ஃபோனில் எடுத்த வீடியோ குடவாசல் வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் தை மாதம் ஆனால் சுற்றுகிறது. எனக்கு இப்போது மூன்று தொகுப்புகள் வந்துவிட்டன. இருந்தாலும் அந்தப் பக்கம் போனால் நான் எழுத்தாளன் நிஜாம் இல்லை, நெல்லைக் காப்பாற்றின தம்பிதான். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. வீட்டில் மட்டும் அந்தப் பெருமைக்கு வேறு உபயோகம் இருக்கிறது. பெருநாள் பிரியாணியை நான் வர்ணிக்கத் தொடங்கினால் மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "மாப்புள, மடை" என்பார். எட்டு வயது மகள் ஒருபடி மேலே. பள்ளிக்கூட விழாவில் நான் பேச எழுந்ததும், கூட்டத்தில் உட்கார்ந்தபடியே உள்ளங்கையை மூடிக் காட்டினாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரையை முடித்ததும் வழக்கம்போலச் சமீமாவிடம் படிக்கக் கொடுத்தேன். தொடக்கத்தில் ஓர் அந்தி இருந்தது. காவிரிக்கரை அந்தி, பழைய கைப்பழக்கத்தில் கொஞ்சம் நன்றாகவே வந்திருந்தது. அவள் முதல் பக்கத்தைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, விரித்த கையை மெல்ல மூடினாள்.

அதனால்தான் உங்களுக்கு டீயிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.