சோபா ஓரத்து ஈரம்

லிஃப்ட் மெக்கானிக் பயந்த ஆள் இல்லை. இருபது மாடி உயரத்தில், இருட்டுக் குழிக்குள், இடுப்பு பெல்ட்டை நம்பித் தொங்குகிறவர். அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கீழே, அவர் செருப்பைவிடச் சற்றே பெரிதாக ஒரு நாய்க்குட்டி வாலாட்டிக்கொண்டிருந்தது.

"மேல என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"ஃபேன்ல தூசி இருக்கான்னு பாக்குறேன்."

"ஃபேன் அந்த ரூம்ல இருக்கு."

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எப்பேர்ப்பட்ட முரடனும் அவளிடம் பேசாமல் கையை நீட்டிவிடுவான். தன் அக்கா வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை, யாரையும் கேட்காமல் தூக்கி வந்திருந்தாள். நாய் என்றாலே தனக்குக் குலை நடுங்கும் என்பதைக் கல்யாணமான பதினோரு வருடமாக அவளிடம் மறைத்து வாழ்ந்தவர் மெக்கானிக். இப்போது போய்ச் சொல்ல வெட்கம் விடவில்லை.

"ஒண்ணுக்குப் போற இடம் இதுக்குத் தெரியாதே. வீடு நாறிடும்" என்று சுற்றி வளைத்தார்.

"பழக்கிடலாம்."

"பழகலேன்னா?"

"ஒரு வாரம் பாப்போம். அப்பவும் வீட்டுக்குள்ளயே போச்சுன்னா அக்காகிட்டயே குடுத்துடுறேன்."

அந்த ஒரு வாரத்தை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினார். சாப்பிடும்போது கணுக்காலில் ஈர மூக்கு பட்டால் இரண்டு காலையும் நாற்காலிமேல் மடக்கிக்கொண்டார். ஒருநாள் குளியலறைக் கதவைத் திறந்தார். உள்ளே அது உட்கார்ந்திருந்தது. குளிக்காமலே வேலைக்குப் போய்விட்டார்.

ஆனால் குட்டிக்கு அறிவு அதிகம். புதன்கிழமையே வாசல் கதவைப் பிறாண்டியது. திறந்துவிட்டதும் வெளியே போய், காரியத்தை முடித்து, கௌரவமாகத் திரும்பி வந்தது. மனைவி அதை அள்ளிக் கொஞ்சினாள். மெக்கானிக்கின் நம்பிக்கை கயிறு அறுந்த லிஃப்ட் மாதிரி கீழே இறங்கியது. இனி ஆயுசு முழுக்க இதனோடுதானா?

வியாழக்கிழமை துணிந்துவிட்டார். பால் விடாத தன் தேநீரில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, சோபா ஓரமாக ஊற்றினார்.

"பாத்தியா, பழகவே இல்ல" என்றார். மனைவி துடைத்தாள். வெள்ளிக்கிழமையும் ஊற்றினார். இந்த முறை துடைப்பதற்கு முன் அவள் குனிந்து கொஞ்ச நேரம் தரையையே பார்த்தாள். அவருக்குக் காது சூடேறியது. அவள் துணியை நனைத்துத் துடைத்தாள்.

சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. மனைவி பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"குட்டி உள் ரூம்ல தூங்குது. கதவைச் சாத்தியிருக்கேன். எதுக்கும் எட்டிப் பாத்துக்குங்க."

எட்டிப் பார்ப்பதா? அவள் தலை மறைந்ததும் அந்தக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்தார். கதவோரம் காதை வைத்தார். சத்தமே இல்லை. பாய்வதற்குப் பதுங்குகிறதோ என்று வேர்த்துக் கொட்டியது. ஒரு டம்ளர் தேநீரை முழுசாகச் சோபா ஓரம் கவிழ்த்தார்.

மதியம் மனைவி வரும் சத்தம் கேட்டதும் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார்.

"வந்து பாரு. இன்னிக்குக் குளமே கட்டிடுச்சு" என்றார்.

மனைவி பையைக் கீழே வைத்தாள். பைக்குள்ளிருந்து குட்டியின் தலை எட்டிப் பார்த்தது.

"தடுப்பூசி போடக் கூட்டிட்டுப் போனேன். காலையிலேர்ந்து என்கூடத்தான் இருந்துச்சு" என்றாள். "அப்ப இது யாரோடது?"

மெக்கானிக் வேகமாகக் கணக்குப் போட்டார். ஊற்றினேன் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் பதினோரு வருட மானம் போகும்.

"என்னோடதுதான்" என்றார் மெல்ல. "அடக்க முடியல."

"நினைச்சேன். எறும்பு மொய்க்குது பாருங்க. நேத்தும் மொய்ச்சுது. உங்களுக்குச் சர்க்கரை வந்திருக்கு."

"அது வந்து..."

"நாளைக்கு வெறும் வயித்தோட என் லேபுக்கு வாங்க, நானே ஊசி போட்டு ரத்தம் எடுக்குறேன். இனிமே டீயில சர்க்கரை கிடையாது. காலையும் சாயங்காலமும் ஒரு மணி நேரம் நடக்கணும்."

சொல்லிக்கொண்டே நாய்ச் சங்கிலியை அவர் கையில் சுற்றிவிட்டாள்.

"இவனோடயே போங்க. எங்க போகணும்னு இவன் உங்களுக்குக் கத்துக் குடுப்பான்."