இரண்டாம் எண் கோர்ட்டின் கதவு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு குறிப்பிடும்படியாக நடந்தது எங்கள் கிளப்பின் ‘அனைவருக்கும் ஸ்குவாஷ்’ திட்டம் மட்டும்தான். இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. திட்டக் குழுவின் செயலாளர் என்ற முறையில் பொறுப்போடு சொல்கிறேன்.

ஸ்குவாஷ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு சுவருக்குள் இரண்டு பேர் நின்றுகொண்டு, சின்ன ரப்பர் பந்தை மட்டையால் முன்சுவரில் அடிக்க வேண்டும். பந்து பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும்போதுதான் ஆட்டமே சூடு பிடிக்கும். உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று சுவர் கேட்பதில்லை. கேட்பதற்கென்று வாசலில் படிவம் வைத்திருக்கிறோம்.

இந்த நிலையை மாற்றியவள் எலக்ட்ரீஷியனின் மகள். அப்பா இரண்டாம் எண் கோர்ட்டில் விளக்கு மாற்ற வந்தபோது ஏணி பிடிக்கக் கூட வந்தவள், கீழே கிடந்த மட்டையை எடுத்துப் பத்துப் பந்து அடித்திருக்கிறாள். அதைப் பார்த்துவிட்ட எங்கள் பயிற்சியாளர் மூச்சிரைக்கத் தலைவரிடம் ஓடிவந்தார்.

“சார், பத்து வருஷமா மெம்பர் பிள்ளைங்களுக்குக் கத்துக்குடுக்கிறேன். இந்த மணிக்கட்டு ஒருத்தருக்கும் வாய்க்கல.”

அவளுக்கு வயது பதினாறு. மூன்று மாதத்தில் பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான தேர்வுப் போட்டி. அதில் ஜெயித்தால் விளையாட்டுப் பள்ளியில் இடம். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கோர்ட் கொடுத்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகப் பயிற்சியாளர் கெஞ்சினார்.

தலைவர் கண் கலங்கிவிட்டார். வியாழக்கிழமைதோறும் நாலு மணி முதல் ஐந்து மணி வரை இரண்டாம் எண் கோர்ட் ‘எல்லாப் பின்னணியையும் சேர்ந்த இளைஞர்களுக்கு’ என்று அங்கேயே உத்தரவு போட்டார். அதை மேற்பார்வையிடப் பதினொரு பேர் கொண்ட குழுவையும் அன்றே அமைத்தார்.

குழு என்றால் கூட்டம் வேண்டும். கூட்டம் என்றால் இடம் வேண்டும். ஹாலில் சீட்டுக் கச்சேரி. அலுவலக அறையில் ஒரே நாற்காலி, அதற்கும் மூன்று கால். முன்பதிவுப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். உறுப்பினர் பெயர் எழுதப்படாத நேரம் வாரத்தில் ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. வியாழக்கிழமை, நாலு முதல் ஐந்து, இரண்டாம் எண் கோர்ட்.

முதல் வியாழக்கிழமை அந்தப் பெண் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். தரையில் கறை படியக் கூடாது என்ற விதிப்படி வெள்ளை அடிப்பாகம் உள்ள ஷூ. நாலு கடை ஏறி இறங்கி அப்பா வாங்கித் தந்தாராம். நாங்களும் விதியை மீறவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தோம். இளைஞர்களின் தரை கீறிவிடக் கூடாதே என்று மேசைக்கும் பதினொரு நாற்காலிக்கும் காலுக்குக் கால் கம்பளித் துணி கட்டியிருந்தோம். தலைவரே எழுந்து கதவருகே போய்க் கனிவாகச் சொன்னார்.

“கொஞ்சம் வெளிய இரும்மா. உன்னைப் பத்திதான் பேசிக்கிட்டிருக்கோம்.”

உண்மையில் நிறையவே பேசினோம். இளமை பன்னிரண்டில் தொடங்குகிறதா பதின்மூன்றிலா என்பதற்கு இரண்டு வாரம் ஆனது. திட்டத்துக்கான சின்னத்தின் நிறத்துக்கு மூன்று வாரம். பின்னணிகள் மொத்தம் ஏழு என்றார் குழுவிலிருந்த தணிக்கையாளர். ஒன்பதுக்குக் குறையாது என்று ஜவுளிக்கடைக்காரர் அடித்துப் பேசினார். ஓட்டெடுப்பில் எட்டு என்று முடிவானது.

அவள் ஜெனரேட்டர் அறையை ஒட்டிய வெளிச்சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தாள். டொக், டொக் என்று சத்தம் உள்ளே கேட்கும். நாலாவது வாரம், மெதுவாக அடிக்கும்படி அவளைக் கேட்டுக்கொள்வது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். ஒரு சுவரில் அடித்து ஸ்குவாஷ் கற்க முடியாது என்று பயிற்சியாளர் வந்து நின்றார். வாரம் ஒரு முறை வந்து நின்றார்.

“அவசரப்படாதீங்க மாஸ்டர்,” என்றார் தலைவர். “ஒவ்வொரு சுவரா போவோம்.”

பன்னிரண்டு வியாழக்கிழமைகள் இப்படிச் சிறப்பாக நடந்தன. பிறகு தேர்வு வந்தது, அவள் தோற்றாள். முன்சுவரில் அவள் அடித்த அடிக்கு எதிரே நிற்க ஆளில்லையாம். ஆனால் பந்து பக்கச் சுவரில் பட்டுத் திரும்பிய ஒவ்வொரு தடவையும் திகைத்து நின்றாளாம்.

பயிற்சியாளர் நேராகக் கூட்டத்துக்கு வந்தார். “இந்தப் பொண்ணு பக்கச் சுவரையே பாத்ததில்லையான்னு செலக்டருங்க கேட்டாங்க சார். உள்ள பதினொரு பேர் உக்காந்திருந்தாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

குழு வருத்தத்தைப் பதிவு செய்தது. எளிய பின்னணி இளைஞர்கள் பக்கச் சுவரில் பலவீனமாக இருப்பது ஏன் என்று ஆராயத் துணைக்குழு ஒன்றும் அமைத்தது. நான் மட்டும் அன்று தேநீரை அப்படியே வைத்துவிட்டேன்.

அடுத்த மாதமே ஸ்குவாஷ் சம்மேளனத்தின் ‘திறந்த கதவு’ விருது எங்களுக்குக் கிடைத்தது. விண்ணப்பத்தில் ‘இரண்டாம் எண் கோர்ட்டைப் பயன்படுத்தியவர்கள்’ என்ற இடத்தில் பன்னிரண்டு என்று நான்தான் எழுதினேன். நாங்கள் பதினொரு பேர், பத்துப் பந்து அடித்த அவள் ஒருத்தி. கணக்கில் பொய்யில்லை.

விருது பெரிய கண்ணாடிச் சட்டத்தில் வந்தது. கூட்டம் நடக்கும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி, முன்சுவரின் நடுவில் மாட்டுவது என்று முடிவானது. துளை போட எலக்ட்ரீஷியனை வரச் சொன்னோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவரை ஒரு தடவை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

“சார், இங்க கண்ணாடி மாட்டினா அப்புறம் இதுல பந்தடிக்க முடியாதே.”

தலைவர் சிரித்துவிட்டார். “இங்க யாருப்பா பந்தடிக்கிறா?”

அவர் தலைவரைப் பார்த்தார். பிறகு எங்கள் பதினொரு பேரையும் வரிசையாகப் பார்த்தார். துளை போட்டு, சட்டத்தை மாட்டி, கீழே சிந்திய சுண்ணாம்பையும் துடைத்துவிட்டுப் போனார். வெளிச்சுவரில் டொக் டொக் சத்தம் இல்லை. அவள் வருவதை நிறுத்தி நாலு வாரம் ஆகியிருந்தது.

‘விருது மாட்டப்பட்டது. கூட்டம் எந்த இடையூறுமின்றி நடந்தது’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். தலைவர் கேட்ட கேள்வியை எழுதவில்லை. எழுதினால் பதிலையும் எழுத வேண்டும். அந்தப் பதிலின் அடியில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.