முயலுக்குப் போட்ட சேர்கள்

பத்தாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுகிறவன், பத்திரிகைக்கு எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேதக்காரரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால்தான்.

ஆனையூரில் எங்கள் தெருவில் அவர் வராமல் ஒருவர்கூட முறையாகச் செத்ததில்லை. பந்தலும் சேரும் வாடகைக்கு விடுகிறவர்; கேதக்காரர் என்பது தெரு வைத்த பேர். சாவு என்று காதில் விழுந்தால் லோடு ஆட்டோவில் சேரோடு வந்து நிற்பார். சேரை இறக்கியதும் அதிகாரம் தொடங்கிவிடும்.

“ஏண்டா, உங்கப்பன் படுத்திருக்காரு. நீ செல்லப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்க?”

கேதம் கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வருகிறவர் கையை நீட்ட வேண்டும், வீட்டுக்காரர் தொடுவார். பேசக் கூடாது. கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது. முறை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் போலீஸ் அவர். திருமங்கலத்துக்காரர் ஒருவர் பழக்கத்தில் “போயிட்டு வாரேன்” என்றுவிட்டார். கேதக்காரர் பஸ் ஸ்டாப் வரை விரட்டினார்.

“எதுக்குய்யா திரும்பி வார? அடுத்து யாரைத் தூக்கணும்?”

அவருக்கென்று இருந்தது ஒரு வெள்ளை முயல். பேர் பவுனு. ஆட்டோவில் பக்கத்து சீட்டில், துண்டு விரிப்பில் உட்கார்ந்து எல்லாச் சாவுக்கும் வரும். அதனிடம் மட்டும் குரல் இறங்கும்.

“மல்லித்தழை வேணாமா? அம்புட்டுக் கொழுப்பாடி உனக்கு?”

ரைஸ்மில்காரர் செத்தபோது ஊர்வலத்தில் வேட்டுப் போட்டார்கள். “ஆட்டோப் பக்கம் வேணாம்ப்பா, உள்ள பவுனு இருக்கு” என்று கேதக்காரர் கெஞ்சினார். ரைஸ்மில்காரர் மகன் காதிலும் அது விழுந்தது. அடுத்த சரம் ஆட்டோவுக்கு அடியிலேயே வெடித்தது. துண்டின் மேல் இருந்தபடியே முயல் விறைத்துவிட்டது.

விடிந்ததும் கேதக்காரர் வீட்டு வாசலில் பந்தல். வரிசையாகச் சேர்கள். அவர் சலவை வேட்டியில் நின்றார். அந்தச் சேர்களில் உட்கார்ந்து அழாத வீடு எங்கள் தெருவில் இல்லை. ஒருவரும் உட்காரவில்லை. போகிற போக்கில் கேட்டார்கள்.

“என்னண்ணே, மொசலுக்குப் பதினாறாம் நாள் உண்டா?”

“கறி எம்புட்டுண்ணே தேறுச்சு?”

அவர் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் போய்க் கையை நீட்டினேன். தொட்டார். ஓரத்துச் சேரில் உட்கார்ந்துகொண்டேன்.

ரைஸ்மில்காரர் மகன் பைக்கில் வந்தான். இறங்கவில்லை.

“அண்ணே, எங்க வீட்டுக்கு ஆளு வந்துக்கிட்டே இருக்கு, சேர் பத்தல. இதெல்லாம் சும்மாதான கெடக்கு?”

“சும்மா கெடக்கல. ஆளு வந்திருக்குல்ல?”

யார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் சொல்லியிருக்கிறார்.

“சரி, நாளைக்காச்சும் அனுப்புங்க” என்று சிரித்துக்கொண்டே போனான்.

வெயில் ஏறும்வரை இருந்தேன். எழுந்தபோது பதற்றத்தில் வாய் உளறிவிட்டது.

“வாரேண்ணே.”

சொன்னதுமே ஓடத் தயாரானேன். அவர் விரட்டவில்லை.

“வாப்பா” என்றார். “சாயங்காலமும் வா.”

மறுநாள் சேர்கள் ரைஸ்மில்காரர் வீட்டுக்குப் போயின. கேதக்காரர்தான் இறக்கி வைத்தார்.