முடியாது என்று சொல்ல முடியாதவர்

உடம்பு முடியாதவர்களுக்கான உதவித்தொகைக்கு மனுப் போட்டுவிட்டு, தங்களால் எல்லாம் முடியும் என்று நிரூபிக்கப் பாடுபடுகிற பிறவிகள் சிலர் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் தையற்காரர் அந்த இனத்தில் முதல் தரம்.

மாடிப்படியில் விழுந்து இடுப்பு நொறுங்கி, கடையை மூடி, மெஷினைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்து, பழைய வாடிக்கைக்காரர்களின் பேன்ட்டுக்கு ஓரம் மடித்து, கிழிசல் தைத்து நாலு காசு பார்க்கிறவர். ஒரு மணி நேரம் தைத்தால் இரண்டு நாள் படுக்கை. நாலு காசை மனுவில் மறைக்காமல் எழுதினார். படுக்கையை எழுதவில்லை. குப்புற விழுந்தவருக்கு மீசையில் மண் ஒட்டக்கூடாதே!

அதிகாரி விசாரிக்க வருகிற அன்று, விடிந்ததிலிருந்து மனைவி பாடம் நடத்தினாள்.

"தைச்சா என்ன ஆகும்னு கேட்டா?"

"ரெண்டு நாள் படுத்துருவேன்."

"அதைச் சொல்லுங்க, போதும். பணம் வந்தா வலி மாத்திரையைப் பாதி பாதியா உடைச்சுப் போட வேண்டாம்."

அதிகாரி வந்தார். நல்ல மனிதர்.

"எவ்வளவு நேரம் தைப்பீங்க?"

"ஒரு மணி நேரம் சார்."

"அப்புறம்?"

நம்மவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, அதிகாரியின் தோள்பை வார் தையல் விட்டுத் தொங்குவது கண்ணில் பட்டது.

"பையைக் குடுங்க சார், அஞ்சே நிமிஷம்."

அஞ்சு நிமிஷமா? வார் தடிமன், இரண்டு ஊசி உடைந்து, முக்கால் மணி நேரம் ஆயிற்று. மனைவி கதவோரம் நின்று கண்ணாலேயே எரித்தாள். அதிகாரி சும்மா இருப்பானேன் என்று எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதினார் என்று சொல்லவும் வேண்டுமா?

"பிரமாதம். நீங்க நல்லாத்தான் இருக்கீங்க" என்று பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். வழியனுப்ப நம்மவரும் எழப் பார்த்தார். பாதியில் நின்றுபோனார். கை மெஷினைப் பிடித்துக்கொண்டது, இடுப்பு நிமிர மறுத்தது, வாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது.

"அப்புறம் என்ன ஆகும்னு கேட்டீங்களே சார்" என்றாள் மனைவி. "இதுதான். கொஞ்சம் இருந்து பாத்துட்டுப் போங்க."

அதிகாரி மறுபடி உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், லேசாப் பிடிச்சிருக்கு" என்றார் நம்மவர்.

எனக்கெப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று இந்த மனிதருக்குச் சவரம் செய்துவிடுகிறவனே நான்தான். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் நேற்று யாரோ "உடம்பு எப்படியிருக்கு?" என்று கேட்டார்களே, நீங்கள் என்ன சொன்னீர்கள்?